பயாப்சி என்றாலே புற்றுநோயா?

கிரீம் கிராக்கர் பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேநீரில் தோய்க்க வேண்டாம். பக்கத்தில் தண்ணீரும் வேண்டாம். அப்படியே மென்று விழுங்கிப் பாருங்கள். கொஞ்சம் சிரமமாக இருந்தாலும் பெரும்பாலோருக்கு முடியும். மெல்ல மெல்ல எச்சில் ஊறும், மாவு குழையும், தொண்டையில் இறங்கும்.

சிலருக்கு இது முடியாது. மாவு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர்களுக்குச் சோறு இறங்க ஒவ்வொரு கவளத்துக்கும் ரசமோ தண்ணீரோ வேண்டும். இரவில் நாக்கு வறண்டு இரண்டு மூன்று முறை விழித்துக்கொள்வார்கள். கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொத்தையாகும். வீட்டில் சொன்னால் மூன்று பதில்களில் ஒன்று வரும்: "உடம்புச் சூடு", "வயசாச்சு", "இனிப்பு நீர் இருக்கும், போய்ப் பாருங்கள்".

மூன்றாவது பதிலில் நியாயம் உண்டு. நம் நாட்டு இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். வாய் வறண்டால் முதலில் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்ப்பதே முறை. ஆனால் சர்க்கரை சரியாக இருக்கிறது, சாப்பிடும் மருந்துகளிலும் காரணம் தெரியவில்லை, வறட்சியோ மாதக் கணக்கில் போகவில்லை என்றால்? அப்போது மருத்துவர் ஒரு கட்டத்தில், "கீழ் உதட்டிலிருந்து சிறிது திசு எடுத்து பயாப்சி செய்து பார்க்கலாம்" என்று சொல்லக்கூடும்.

அந்தச் சொல் காதில் விழுந்ததும் பலருடைய முகம் மாறிவிடுகிறது. "பயாப்சியா? அப்படியென்றால் புற்றுநோயா?" என்ற கேள்வி எழுகிறது. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலேயே இருந்துவிடுவதும் நடக்கிறது. அந்தச் சிறு சோதனை எதைத் தேடுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நீங்கள் முடிவு செய்யலாம். ஆனால் ஒரு சொல்லுக்குப் பயந்து மட்டும் மறுத்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையின் வேண்டுகோள் அதுதான்.

எச்சில் வெறும் தண்ணீர் அல்ல

இரண்டாம் படிவ அறிவியல் வகுப்பில் ஒரு பரிசோதனை உண்டு. மாவுக் கரைசலில் அயோடின் விட்டால் கருநீலம் ஆகும். அதே கரைசலில் எச்சிலைக் கலந்து சற்று நேரம் வைத்துவிட்டு அயோடின் விட்டால் அந்த நீலம் வராது. எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்னும் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடுகிறது. என் மாணவர்களுக்குப் பிடித்த பரிசோதனை இது. ஆனால் தேர்வு முடிந்ததும் எச்சில் என்றால் செரிமானம் என்ற ஒரு வரி மட்டுமே அவர்கள் நினைவில் நிற்கிறது.

எச்சில் செய்யும் வேலைகள் இன்னும் பல. உணவுக்குப் பிறகு வாயில் உண்டாகும் அமிலத்தைத் தணித்துப் பல்லின் மேற்பூச்சைக் காக்கிறது. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்கி வைக்கிறது. சுவையைக் கரைத்து நாக்குக்குக் கொண்டு சேர்க்கிறது. நம் வாயில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. காதுக்கு முன்னாலும், தாடைக்குக் கீழும், நாக்குக்கு அடியிலும் உள்ள மூன்று இணைப் பெரிய சுரப்பிகளே இதில் பெரும்பகுதியைத் தருகின்றன. அவற்றோடு உதடு, கன்னம், அண்ணம் ஆகியவற்றின் உட்புறத்தில் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சிதறிக் கிடக்கின்றன. நாக்கின் நுனியால் கீழ் உதட்டின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். சிறு மணிகள்போல் தட்டுப்படுபவை அவைதாம்.

உடல் தன்னையே தாக்கும்போது

நம் இரத்தத்தில் உள்ள லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்களின் வேலை, வெளியிலிருந்து வரும் கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்பது. சிலருக்கு இந்த அடையாளம் குழம்பிவிடுகிறது. அணுக்கள் சொந்த உடலின் திசுக்களையே தாக்கத் தொடங்குகின்றன. எச்சில் சுரப்பியும் கண்ணீர்ச் சுரப்பியும் முதன்மை இலக்காகும்போது வரும் நோய்க்கு ஷோகிரன் நோய் என்று பெயர். பாதிக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் நாற்பது முதல் அறுபது வயதுக்குள் கண்டறியப்படுகிறது. வறட்சியோடு மூட்டு வலியும், தூங்கி எழுந்தாலும் தீராத அசதியும் சேர்ந்து வருவதுண்டு.

இந்த நோயின் வரலாறே கவனிக்கப்படாமல் போனதன் வரலாறு என்று சொல்லலாம். ஹென்ரிக் ஷோகிரன் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர். கண்ணும் வாயும் வறண்ட 19 பெண்களை ஆராய்ந்து 1933-இல் தம் முனைவர் ஆய்வேட்டை அளித்தார். அவர்களில் 13 பேருக்கு மூட்டு அழற்சியும் இருந்தது. கண்ணில் வரும் வறட்சி கண்ணோடு நிற்கவில்லை, முழு உடலையும் சார்ந்தது என்பது அவர் கண்டது. ஆனால் அந்த ஆய்வேட்டுக்கு உயர்ந்த மதிப்பீடு கிடைக்கவில்லை. ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட அது, 1943-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் ஒருவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகே பரவலாகக் கவனம் பெற்றது.

நம் காலத்திலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் 2011-இல் அமெரிக்கப் பொது விருதுப் போட்டியின் நடுவில் விலகிக்கொண்டு, தமக்கு ஷோகிரன் நோய் இருப்பதை அறிவித்தார். அதற்குமுன் பல ஆண்டுகள் காரணம் தெரியாத அசதியோடு ஆடியவர் அவர். உலகத் தரமான மருத்துவ வசதி உள்ள ஒருவருக்கே இவ்வளவு காலம் பிடித்தது என்றால், "சூடு, இளநீர் குடி" என்று சொல்லப்படும் நம் வீட்டுப் பெண்களுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்?

ஏன் உதட்டில்?

நோய் பெரிய சுரப்பியில் இருக்கும்போது உதட்டை ஏன் வெட்ட வேண்டும் என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். காதுக்கு முன்னால் உள்ள பெரிய சுரப்பிக்குள் முகத்தசைகளை இயக்கும் நரம்பு ஓடுகிறது. அங்கே கத்தி வைக்க மிகுந்த கவனம் வேண்டும். கீழ் உதட்டுச் சிறு சுரப்பிகளோ தோலுக்கு அடியில் உள்ள முத்துகள்போல, மெல்லிய சவ்வின் கீழேயே இருக்கின்றன. இந்த நோய் ஒரு சுரப்பியை மட்டும் தேடிப் போவதில்லை. அதனால் உதட்டில் எடுக்கும் நான்கைந்து சிறு சுரப்பிகள், மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்பதற்கும் சாட்சி சொல்கின்றன.

பல் பிடுங்கும்போது போடுவதைப்போல மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். உதட்டின் உட்புறத்தில் சிறு கீறல். சுரப்பிகளை எடுத்தபின் ஓரிரு தையல். மருத்துவமனையில் தங்கத் தேவையில்லை. உட்புறம் என்பதால் முகத்தில் தழும்பு தெரியாது. சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும். சம்பாலையும் சூடான சூப்பையும் தள்ளி வைக்க வேண்டும். ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். உதட்டின் ஒரு பகுதி சில வாரங்கள் மரத்துப்போகலாம். மிகச் சிலருக்கு அந்த மரப்பு நீடிப்பதும் உண்டு. இரத்தத்தை மெலிதாக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

எண்ணிப் பார்க்கும் கலை

எடுத்த திசுவை மெல்லிய தகடுகளாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார் திசு நோய்க்குறியியல் நிபுணர். ஆரோக்கியமான சுரப்பி திராட்சைக் கொத்துபோல இருக்கும். ஷோகிரன் நோயில் அந்தக் கொத்தின் குழாய்களைச் சுற்றி லிம்போசைட் அணுக்கள் கூட்டம் கூட்டமாக மொய்த்திருக்கும். நிபுணர் தேடுவது புற்றை அன்று, இந்தக் கூட்டத்தைத்தான்.

எத்தனை அணுக்கள் கூடினால் கூட்டம்? 1968-இல் பிரிட்டனைச் சேர்ந்த சிஷோம், மேசன் என்ற இருவர் உதட்டுத் திசுவைத் தரம் பிரிக்கும் முறையைத் தந்தார்கள். 50 அணுக்களுக்குக் குறையாமல் ஓரிடத்தில் திரண்டிருந்தால் அது ஒரு குவியல். 1974-இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் அதை மேலும் செம்மைப்படுத்தினார்கள். 4 சதுர மில்லிமீட்டர் சுரப்பித் திசுவில் எத்தனை குவியல்கள் என்பதே கணக்கு. இதற்கு ஃபோக்கஸ் ஸ்கோர் என்று பெயர். தமிழில் குவியல் மதிப்பெண் எனலாம்.

கணக்கு எளிது. 12 சதுர மில்லிமீட்டர் திசுவில் 6 குவியல்கள் இருந்தால், ஆறைப் பன்னிரண்டால் வகுத்து நான்கால் பெருக்குங்கள். மதிப்பெண் 2. அதே முறையில் 16 சதுர மில்லிமீட்டரில் 2 குவியல்கள் என்றால் மதிப்பெண் அரை. ஒன்று அல்லது அதற்கு மேல் வந்தால் ஷோகிரன் நோய்க்குச் சாதகமான முடிவு.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒன்று என்ற அந்தக் கோடு இயற்கை போட்டதல்ல, மனிதர்கள் போட்டது. நோயே இல்லாத சிலரிடமும், குறிப்பாக வயதானவர்களிடம், குவியல்கள் தென்படலாம். நோய் உள்ளவரிடமும் எடுத்த துண்டு மிகச் சிறியதாக இருந்தால் தவறிப்போகலாம். பொதுவான நாட்பட்ட அழற்சியை ஷோகிரன் என்று எழுதிவிடும் அபாயமும் உண்டு. அனுபவமுள்ள நிபுணர்கள் பழைய தகடுகளை மறுபடி பார்த்தபோது முடிவுகள் மாறிய நிகழ்வுகள் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே உங்கள் அறிக்கையில் "அழற்சி உள்ளது" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், "ஃபோக்கஸ் ஸ்கோர் எவ்வளவு, எவ்வளவு திசுவில் எண்ணினார்கள்?" என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. அது உங்கள் உதடு.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

வாய் வறண்ட எல்லாரும் உதட்டைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சளி, ஒவ்வாமை மருந்துகள், மன அழுத்தத்துக்கான மருந்துகள், சில இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை எச்சிலைக் குறைக்கும். வாயால் மூச்சு விட்டுத் தூங்குவதும் காரணமாகலாம். முதலில் அவற்றைப் பார்க்க வேண்டும்.

அதன்பின் யாருக்கு பயாப்சி என்பதை விளக்க ஒரு மதிப்பெண் அட்டவணை உதவும். அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் 2016-இல் சேர்ந்து வெளியிட்டது அது. ஆய்வுகளுக்காக வகுக்கப்பட்டதென்றாலும் மருத்துவர்கள் இதை வழிகாட்டியாகக் கொள்கிறார்கள். இரத்தத்தில் எஸ்.எஸ்.ஏ. எதிர்ப்பொருள் இருந்தால் 3 மதிப்பெண். உதட்டுத் திசுவில் குவியல் மதிப்பெண் ஒன்றுக்குக் குறையாமல் இருந்தால் 3. கண்ணின் மேற்பரப்பில் சாயம் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு 1. கீழ் இமையில் காகிதத் துண்டு வைத்து 5 நிமிடத்தில் 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையவில்லை என்றால் 1. எச்சில் நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்கு மேல் ஊறவில்லை என்றால் 1. மொத்தம் 4 வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். வறட்சிச் சோதனைகள் மூன்றிலும் தேறினாலும் 3-தான் வரும். வறட்சி மட்டுமே நோயை உறுதி செய்யாது என்று அட்டவணை சொல்கிறது. எதிர்ப்பொருளும் ஒரு வறட்சிச் சோதனையும் சேர்ந்தால் 4 வந்துவிடும். அவருக்குக் கண்டறிவதற்காக உதட்டை வெட்டத் தேவையில்லை. ஆனால் நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரிவதில்லை. அவர்களுக்கு 4-ஐ எட்ட உதட்டுத் திசு ஒன்றே வழி. "இரத்தத்தில் ஒன்றும் இல்லை, உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பப்படுகிறவர்களும் பெரும்பாலும் இவர்கள்தாம். என் கவலை இவர்களைப் பற்றியது.

அல்ட்ராசவுண்ட் மூலம் பெரிய சுரப்பிகளைப் பார்க்கும் முறை வளர்ந்து வருகிறது. வலியில்லாதது, திரும்பத் திரும்பச் செய்யக்கூடியது. அது கத்தியின் தேவையைக் குறைத்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சியே. ஆனால் 2016 அட்டவணையில் அதற்கு மதிப்பெண் இல்லை. திசுவுக்குள் எந்த அணு, எந்த வடிவில் நிற்கிறது என்பதையும் அது காட்டாது.

குணமாக்க மருந்தில்லை, பிறகு எதற்கு வெட்டு?

இதுதான் வலுவான எதிர்வாதம். ஷோகிரன் நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. செயற்கைக் கண்ணீர், பல் பாதுகாப்பு, மிச்சமிருக்கும் சுரப்பிகளைத் தூண்டும் பைலோகார்பின் போன்ற மாத்திரைகள், மூட்டு வலிக்கு மருந்து என்று சிரமத்தைக் குறைக்கத்தான் முடிகிறது. பெயர் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களின் கேள்வியை நான் ஒதுக்கவில்லை.

என் பதில் மூன்று. முதலாவது, வறட்சியைத் தாண்டிய விளைவுகள். இந்த நோய் சிலருக்கு நுரையீரல், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றையும் தொடும். வாழ்நாளில் நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று வரக்கூடும். அதாவது உதட்டு பயாப்சி புற்றுநோயைத் தேடும் சோதனையல்ல. ஆனால் யாரைப் பிற்காலத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அது சொல்ல முடியும். குவியல் மதிப்பெண் மிக உயர்ந்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். நோயின் பெயர் தெரிந்தவர், கன்னத்தில் நீங்காத வீக்கம் வந்தால் காத்திருக்க மாட்டார்.

இரண்டாவது, வேறு நோய்களைப் பிரித்தறிதல். சார்காய்டோசிஸ், அமிலாய்டோசிஸ், ஐ.ஜி.ஜி.4 சார்ந்த நோய் ஆகியவையும் சுரப்பிகளைப் பாதிக்கும். அவற்றுக்கான சிகிச்சை வேறு. நுண்ணோக்கியின் கீழ் அவற்றின் தோற்றமும் வேறு.

மூன்றாவது, இல்லை என்ற விடையும் ஒரு விடையே. திசுவில் ஒன்றுமில்லை என்றால் மருந்துப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்க்கலாம், வேறு காரணம் தேடலாம். பத்து ஆண்டுகள் "சூடு" என்ற சொல்லோடு வாழ்வதைவிட அது மேல்.

இளம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்.எஸ்.ஏ. எதிர்ப்பொருள் கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். நூற்றில் ஓரிரு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பின் மின்தடத்தில் தடை உண்டாக்கும். இதைச் சொல்வது உதட்டுச் சோதனை அல்ல, இரத்தச் சோதனை. வறட்சி இருக்கும் பெண்கள் கருத்தரிக்குமுன் அதைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

சொல்லை மொழிபெயர்ப்பவர் யார்?

நம் குடும்பங்களில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் மருத்துவரின் மலாயையும் ஆங்கிலத்தையும் தமிழில் சொல்வது பெரும்பாலும் பிள்ளைகள்தாம். பதினாறு வயதுப் பிள்ளை "பயாப்சி" என்ற சொல்லைக் கேட்டு, தனக்குத் தெரிந்த ஒரே பொருளில் "கேன்சர் டெஸ்ட்" என்று சொல்லிவிட்டால், அந்த நிமிடமே சோதனை முடிந்துவிட்டது. பாட்டி கையெழுத்துப் போட மாட்டார். பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சொல்லை அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை.

பயாப்சி என்றால் உயிருள்ள திசுவை எடுத்துப் பார்ப்பது. அவ்வளவுதான். எதைத் தேடுகிறார்கள் என்பது அந்தச் சொல்லில் இல்லை. கல்லீரலில் அழற்சியைத் தேடலாம், சிறுநீரகத்தில் சேதத்தைத் தேடலாம், உதட்டில் லிம்போசைட் குவியலைத் தேடலாம். அறிவியல் ஆசிரியர்களான நாங்கள் அமிலேஸ் பரிசோதனையோடு இந்த ஒரு சொல்லையும் ஐந்து நிமிடம் விளக்கினால் நல்லது. மருத்துவமனைகளும் ஒப்புதல் படிவத்தோடு தமிழில் ஒரு பக்க விளக்கம் தந்தால், பல கையெழுத்துகள் பயமின்றி விழும். மறுப்பவர்களும் விவரம் தெரிந்து மறுப்பார்கள்.

நான் மருத்துவர் அல்ல. உங்கள் உதட்டைத் தொடலாமா என்று முடிவு செய்யும் தகுதி எனக்கில்லை. அது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையே நடக்க வேண்டிய பேச்சு. அந்தப் பேச்சில் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் மருந்துகளில் ஏதேனும் வாயை உலர்த்துகிறதா? எஸ்.எஸ்.ஏ. இரத்தச் சோதனை செய்தாகிவிட்டதா? பயாப்சி செய்தால் அதன் முடிவு எனக்கான கவனிப்பில் எதை மாற்றும்? திசுவைப் படிக்கும் நிபுணர் குவியல் மதிப்பெண் தருவாரா?

வாய் மூன்று மாதத்துக்கும் மேலாக வறண்டிருக்கிறது என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், இளநீர் வாங்கிக் கொடுங்கள், தவறில்லை. கூடவே கிளினிக்குக்கும் அழைத்துப் போங்கள். அங்கே பயாப்சி என்ற சொல் வந்தால், அது என்ன என்று தமிழில் சொல்ல இப்போது உங்களுக்குத் தெரியும்.